கிளவுடுக்கு மாறப் போகும் மருமகளுக்கு

கண்ணு, கம்பெனிக் கணக்கு, மெயில், ஆர்டர் விவரம் எல்லாவற்றையும் கிளவுடுக்குக் கொண்டுபோகப் போவதாகச் சொன்னாய். நல்ல முடிவு. என் உழைப்புக் காலம் முழுவதும் திருப்பூர் பனியன் கம்பெனிகளின் அக்கவுன்ட்ஸ் அறைகளில்தான் போனது. பேரேட்டிலிருந்து ஃப்ளாப்பிக்கு, ஃப்ளாப்பியிலிருந்து டேலிக்கு, டேலியிலிருந்து இப்போது கிளவுடுக்கு என்று ஒவ்வொரு முறை மாறும்போதும் யார் தடுமாறினார்கள், யார் நிலைத்து நின்றார்கள் என்று பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். தடுமாறியவர்கள் அறிவில் குறைந்தவர்கள் இல்லை. தங்கள் பொருளை வேறொருவர் இடத்தில் வைத்ததும், அதன் மேல் இருந்த அக்கறையையும் சேர்த்து இறக்கிவைத்துவிட்டார்கள். நீ அப்படி ஆகிவிடக் கூடாது என்றுதான் உன் அத்தை இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

1. எதை வாடகைக்கு எடுக்கிறாய் என்று முதலில் தெரிந்துகொள்.

விற்க வருகிறவர் பேசும்போது கிளவுட் எங்கோ ஆகாயத்தில் இருப்பதுபோலத் தோன்றும். அது ஒரு கட்டடம். காவலாளி, ஏசி, ஜெனரேட்டர், வரிசை வரிசையாகக் கம்ப்யூட்டர் எல்லாம் உள்ள கட்டடம். மைக்ரோசாஃப்ட் இப்படிப்பட்ட மையங்களை 2015-இல் சென்னை, புனே, மும்பையில் திறந்தது. அமேசான் 2016-இல் மும்பையிலும் 2022-இல் ஹைதராபாத்திலும் திறந்தது. கூகுள் 2017-இல் மும்பைக்கும் 2021-இல் டெல்லிக்கும் வந்தது. ஆகவே உன் பொருள் எந்த ஊரில் இருக்கும் என்று கேட்பது பட்டிக்காட்டுக் கேள்வி இல்லை. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

நம் ஊர்க் கல்யாணத்துக்கு அண்டாவும் கரண்டியும் வாடகைக்கு எடுக்கிறோமே, அந்தக் கணக்குதான் இது. ஆயிரம் பேர் சாப்பிடும் இரண்டு நாளுக்காக யாரும் பெரிய அண்டாவை விலைக்கு வாங்கிப் பரணில் போடுவதில்லை. வேண்டிய அன்று வேண்டிய அளவு எடுத்து, நாள் கணக்கில் வாடகை கொடுத்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறோம். அடுத்த வாரம் அதே அண்டா வேறொரு வீட்டில் இருக்கும். ஆனால் அதில் வேகிற சோறு நம்முடையது. உப்புக் கூடிப்போனால் கடைக்காரரிடம் போய்க் கேட்க முடியாது.

அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனம் 2011-இல் கிளவுடுக்கு ஒரு வரையறை எழுதியது. அதில் ஐந்து அடையாளங்கள் உண்டு: யாரையும் எதிர்பார்க்காமல் வேண்டியதை நீயே எடுத்துக்கொள்ளலாம், நெட் வழியாக எங்கிருந்தும் தொடலாம், இயந்திரங்கள் பலருக்கும் பொது, தேவைக்கேற்பக் கூட்டலாம், குறைக்கலாம், பயன்படுத்தியது அளக்கப்படும். இதை மனதில் வைத்துக்கொள். தன் ஆபீஸ் மூலையில் இருக்கும் ஒற்றைக் கம்ப்யூட்டரில் உன் டேலியை ஏற்றிவைத்து, அதையும் கிளவுட் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கம்ப்யூட்டர் படுத்தால் உன் கம்பெனியும் படுத்துவிடும்.

2. கையில் ஆள் எத்தனை பேரோ, அதற்கேற்ற வகையை எடு.

வகை மூன்று. வெறும் கம்ப்யூட்டரை மட்டும் வாடகைக்கு எடுத்து, அதில் எல்லாவற்றையும் நீயே அமைத்துக்கொள்வது ஒன்று. மென்பொருள் எழுதுகிறவர்களுக்கென்று தயாராக வைத்திருக்கும் தளம் இன்னொன்று. எல்லாம் முடிந்து, லாகின் செய்தவுடன் வேலை பார்க்கலாம் என்கிற நிலையில் கிடைப்பது மூன்றாவது. கூகுள் மெயில், மைக்ரோசாஃப்ட் 365, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் கணக்கு மென்பொருள் இவையெல்லாம் மூன்றாவது வகை.

உன்னிடம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ள முழுநேர ஆள் இல்லை. மூன்றாவது வகையிலிருந்து ஆரம்பி. முதல் வகைதான் மலிவு என்று யாராவது கணக்குப் போட்டுக் காட்டினால், அதை இரவும் பகலும் பார்த்துக்கொள்ளும் ஆளின் சம்பளம் அந்தக் கணக்கில் இருக்கிறதா என்று பார்.

3. காவலை முழுதாக அவர்களிடம் விட்டுவிடாதே.

பெரிய கிளவுட் நிறுவனங்கள் பொறுப்பை இரண்டாகப் பிரித்து எழுதிவைத்திருக்கின்றன. கட்டடம், இயந்திரம், மின்சாரம் அவர்களுடையது. உள்ளே என்ன வைக்கிறாய், யாருக்குத் திறந்துவிடுகிறாய், பாஸ்வேர்டு என்ன என்பதெல்லாம் உன்னுடையது. 2019-இல் அமெரிக்காவின் கேப்பிடல் ஒன் வங்கியிடமிருந்து சுமார் பத்துக் கோடி அமெரிக்கர்களின் விவரங்களும், அறுபது லட்சம் கனடாக்காரர்களின் விவரங்களும் களவுபோயின. அவை அமேசானின் கிளவுடில் இருந்தன. ஆனால் திருடியவர் நுழைந்த வழி, வங்கி தன் பக்கத்தில் தவறாக அமைத்துவைத்திருந்த ஒரு ஃபயர்வால். அத்தனை பெரிய வங்கிக்கே அந்தப் பாதிப் பொறுப்பு கைநழுவியது.

நம் நாட்டிலும் 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்புச் செய்யத் தவறியவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. உன் தையல் பிரிவில் வேலை செய்யும் பெண்களின் ஆதார் நகல், வங்கிக் கணக்கு, பிஎஃப் எண் எல்லாம் உன்னிடம் இருக்கின்றன. நம்மை நம்பிக் கொடுத்தவை அவை. அபராதம் என்று ஒன்று இல்லாவிட்டாலும் அவற்றைக் காப்பது உன் கடமை.

செய்ய வேண்டியது எளிது. எல்லோருக்கும் பாஸ்வேர்டுக்கு மேலே ஓடிபி அல்லது ஆப் வழியாக இரண்டாவது சரிபார்ப்பு வை. ஒரே லாகினை நான்கு பேர் பகிர்ந்துகொள்ள விடாதே. கட்டிங் மாஸ்டருக்குச் சம்பளப் பட்டியல் தெரிய வேண்டியதில்லை. அவரவர் வேலைக்கு வேண்டியதை மட்டும் திறந்துவிடு. யாராவது வேலையை விட்டு நின்றால், கணக்கு முடித்துக் கொடுக்கும் அன்றே அவர் லாகினையும் மூடு. இது அவரைச் சந்தேகப்படுவது ஆகாது. நாளைக்கு ஏதாவது தொலைந்தால் அவர் மேல் பழி விழாமல் காப்பதும் இதுதான்.

4. முதன்மைக் கணக்கு உன் பெயரில் இருக்கட்டும்.

இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனியில் மெயில் டொமைன், கிளவுட் கணக்கு எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்த ஏஜென்ட் தன் மெயில் முகவரியிலேயே பதிவு செய்துவிட்டார். கெட்ட எண்ணம் இல்லை. அவருக்கு அது வசதி, அவ்வளவுதான். இரண்டு வருஷம் கழித்துக் கூலித் தகராறு வந்தது. அவர் போனை எடுக்கவில்லை. டொமைன் காலாவதியாகி மெயில் நின்றுபோனது. ஜெர்மனியிலிருந்து பையர் அனுப்பிய திருத்தம் கிடைக்காமல், பழைய அளவிலேயே துணி வெட்டப்பட்டது. அந்த முதலாளி முகம் வெளுத்து உட்கார்ந்திருந்ததை நான் மறக்கவில்லை. பணம் கட்டியவர் அவர்தான். ஆனால் சட்டென்று நிரூபிக்கக் கையில் ஒரு தாளும் இல்லை.

ஆகவே முதன்மைக் கணக்கைக் கம்பெனிப் பெயரில், கம்பெனி முகவரியில், கம்பெனி கார்டில் தொடங்கு. அதன் பாஸ்வேர்டும் மீட்புக் குறியீடுகளும் ஒரு தாளில் எழுதி உறையிட்டுப் பீரோவில் இருக்கட்டும். அது எங்கே இருக்கிறது என்று உன்னைத் தவிர உன் அப்பாவுக்கும் தெரிய வேண்டும். அன்றாட வேலைக்கு அந்தக் கணக்கைத் தொடாதே. அதற்கு வேறு லாகின் வைத்துக்கொள். 2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் கிளவுட் கட்டுப்பாட்டுப் பக்கத்துக்குள் ஒருவன் புகுந்தான். பணம் கேட்டு மிரட்டினான். அவர்கள் அவனை வெளியேற்ற முயன்றபோது சரக்கையும் நகலையும் சேர்த்தே அழித்தான். அந்த நிறுவனம் அதோடு மூடப்பட்டது. மற்றவர்களின் மென்பொருளைப் பத்திரமாக வைத்துக் கொடுப்பதுதான் அவர்கள் தொழில். நகலும் அதே கணக்குக்குள் இருந்ததால் ஒரே நாளில் எல்லாம் போனது.

5. நகல் எடு, எடுத்ததைத் திறந்து பார்.

கிளவுடில் வைத்தாயிற்று, இனி பேக்கப் வேண்டாம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கண்ணு, டிரைவில் போட்டுவைப்பது பேக்கப் ஆகாது. ஒரு கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலை அழித்தால், அது எல்லாக் கம்ப்யூட்டரிலும் அழியும். கூகுள் டிரைவில் குப்பைக்குப் போனது 30 நாளில் தானாக நீங்கிவிடும். போன வருஷத்து காஸ்டிங் ஷீட்டைத் தேடுகிற நாளில்தான் அது தொலைந்ததே தெரியவரும்.

2021 மார்ச் 10-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் தீப்பிடித்தது. ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று முழுதாக எரிந்துபோனது. லட்சக்கணக்கான இணையதளங்கள் நின்றன. வேறு ஊரில் நகல் வைத்திருந்தவர்கள் மீண்டு வந்தார்கள். நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களில் பலர் எல்லாவற்றையும் இழந்தார்கள்.

அதற்கு நேர்மாறான கதை ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர். ஆறு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பைப் பார்த்துக்கொள்ளும் நிதி அது. 2024 மே மாதம் கூகுள் கிளவுடில் அதன் தனி அமைப்பு ஒன்று அழிந்தது. ஆரம்பத்தில் கூகுள் ஊழியர்கள் அமைக்கும்போது ஒரு கட்டத்தை நிரப்பாமல் காலியாக விட்டிருக்கிறார்கள். அதனால் ஒரு வருஷம் முடிந்ததும் தானாக அழியும்படி ஆகிவிட்டது. இரண்டு இடங்களில் வைத்திருந்தும் இரண்டும் சேர்ந்தே போயின. சேவை ஒரு வாரத்துக்கு மேல் நின்றது. ஆனால் யூனிசூப்பர் தனியாக நகல்கள் எடுத்து, ஒன்றை வேறொரு நிறுவனத்திடமும் வைத்திருந்தது. சேமித்தவர்களின் கணக்கு பிழைத்தது. அங்கே நகல் எடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் யாரோ எனக்குத் தெரியாது. அந்தச் செலவு வீண் என்று அவரிடம் யாராவது சொல்லியும் இருப்பார்கள். அப்படிப்பட்ட பிடிவாதம் உனக்கும் வேண்டும்.

கணக்கு இதுதான்: மொத்தம் மூன்று பிரதி, இரண்டு வேறு வகை இடம், அதில் ஒன்று வேறு ஊரில். ஒரு பிரதியாவது வேறு கணக்கில், வேறு பாஸ்வேர்டில் இருக்கட்டும். நம்முடையது பிரைவேட் லிமிடெட் என்பதால், 2022 ஆகஸ்டில் திருத்திய விதிப்படி கணக்குப் புத்தகங்களின் நகல் இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் ஏற வேண்டும். ஆடிட்டர் இதைக் கேட்பார். அவர் கேட்கும் முன் நீ கேள்.

இன்னொன்று. பேக்கப் எடுப்பதைவிட அதைத் திறந்து பார்ப்பதில்தான் ஒரு மனிதரின் ஒழுங்கு தெரியும். தினமும் பச்சை டிக் விழுகிறது என்று நிம்மதியாக இருந்த ஒரு அக்கவுன்டன்டை எனக்குத் தெரியும். ஹார்டு டிஸ்க் போன அன்று திறந்து பார்த்தால், பல மாதமாகக் காலி ஃபோல்டர்தான் நகலாகிக்கொண்டிருந்திருக்கிறது. கணக்கை வவுச்சர் வவுச்சராகத் திரும்ப ஏற்றினோம். நானும் கூட உட்கார்ந்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் இறக்கி, போன வாரத்து இன்வாய்ஸ் ஒன்றை அதிலிருந்து பிரின்ட் எடுத்துப் பார். பிரின்ட் வந்தால்தான் உன்னிடம் பேக்கப் இருக்கிறது.

6. பில்லை நீயே படி.

மீட்டர் போட்டு அளப்பதில் ஒரு நன்மை உண்டு, ஒரு ஆபத்தும் உண்டு. நன்மை, முதலிலேயே லட்சக்கணக்கில் கொட்டி சர்வர் வாங்க வேண்டியதில்லை. ஆபத்து, யாரும் பார்க்காத நேரத்திலும் மீட்டர் ஓடும். சோதனைக்கென்று போட்ட இயந்திரத்தை நிறுத்திவிட்டாலும், அதோடு இணைத்த டிஸ்க்குக்கு வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். உள்ளே ஏற்றும்போது பெரும்பாலும் காசு கேட்க மாட்டார்கள். வெளியே எடுக்கும்போது கேட்பார்கள். வேலையை விட்டுப் போனவர்களின் மெயில் லைசென்ஸுக்கு மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருக்கும் கம்பெனிகள் நம் ஊரிலேயே நிறைய உண்டு.

ஆரம்பித்த அன்றே செலவு வரம்பு ஒன்று வைத்து, அதைத் தொட்டால் உன் போனுக்குத் தகவல் வரும்படி செய். பெரும்பாலான இடங்களில் அது எச்சரிக்கை மட்டுமே, ஓட்டத்தை நிறுத்தாது. தகவல் வந்ததும் நீதான் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு வருஷம், மூன்று வருஷம் என்று முன்கூட்டி ஒப்புக்கொண்டால் விலை நன்றாகக் குறையும். ஆனால் உன் தேவை என்ன என்று ஒரு சீசன் முழுக்க அளந்து பார்க்காமல் அதில் கையெழுத்துப் போடாதே. பில் டாலரிலா, ரூபாயிலா என்றும் பார். ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு டாலர் ஏறினால் வரவு என்ற நினைப்பு ஊறிப்போயிருக்கும். இங்கே அது செலவு.

மாதம் ஒருமுறை டீயை வைத்துக்கொண்டு அந்த பில்லை வரி வரியாகப் படி. புரியாத வரியை அடிக்கோடிட்டு, அனுப்பியவரிடம் கேள். உன் பாட்டி நூல் பில்லை அப்படித்தான் படிப்பார். படிக்காமல் ஒரு செக்கிலும் அவர் கையெழுத்து விழுந்ததில்லை.

7. எல்லாம் போகத்தான் வேண்டும் என்று இல்லை.

டிராப்பாக்ஸ் ஆரம்பத்தில் அமேசானின் சேமிப்பில் வளர்ந்தது. பிறகு பெரும்பகுதிச் சரக்கைத் தன் சொந்த இயந்திரங்களுக்கு மாற்றி, இரண்டு வருஷத்தில் சுமார் ஏழரைக் கோடி டாலர் மிச்சம் பிடித்ததாகத் தன் பங்கு விற்பனை ஆவணத்தில் சொன்னது. 37சிக்னல்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 2022-இல் கிளவுடுக்குச் சுமார் 32 லட்சம் டாலர் கட்டிவிட்டு, வெளியேறி சொந்த சர்வர் வாங்கியது. அவர்களுடைய தேவை வருஷம் முழுக்க ஒரே சீராக இருந்தது. பார்த்துக்கொள்ள ஆளும் இருந்தார்கள். உனக்குத் தேவை ஏறி இறங்கும், ஆளும் இல்லை. அதனால் நீ போவது சரி. ஆனாலும் பேட்டர்ன் போடும் கம்ப்யூட்டர், பின்னல் மெஷினோடு பேசும் கம்ப்யூட்டர் இவை மெஷின் பக்கத்திலேயே இருக்கட்டும். அவற்றின் ஃபைல்களுக்கு மட்டும் கிளவுடில் ஒரு நகல் போதும்.

8. லைன் போகிற நாளுக்கு ஒரு வழி வைத்துக்கொள்.

2012-இன் கரன்ட் கட் உனக்கு நினைவிருக்காது. சென்னைக்கு வெளியே பகல் பாதியும் இரவு பாதியும் இருட்டுதான். டீசல் வாங்கியே லாபம் கரைந்தது. அப்போதும் சரக்கை நேரத்துக்குத் தூத்துக்குடிக்கு அனுப்பியவர்கள், கரன்ட் இல்லாமல் எந்த வேலை நடக்கும், எது நடக்காது என்று முன்கூட்டியே எழுதிவைத்திருந்தவர்கள். இன்றைக்கு நெட்டுக்கும் அதே கேள்விதான். இரண்டு கம்பெனியிலிருந்து இரண்டு லைன் எடு. இரண்டும் ஒரே கம்பத்தில் தொங்காதபடி பார்த்துக்கொள். கன்டெய்னர் ஏற்றும் நாளில் பேக்கிங் லிஸ்டும் இன்வாய்ஸும் காலையிலேயே பிரின்டாகி ஃபைலில் இருக்கட்டும்.

லைன் நன்றாக இருந்தும் எதிர்ப்பக்கம் படுக்கலாம். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானில் ஒரு ஊழியர் ஒரு கட்டளையைத் தவறாக அடித்ததில், நிறுத்த நினைத்ததைவிட அதிகமான சர்வர்கள் நின்றன. அமெரிக்காவின் வர்ஜீனியாப் பகுதியில் அவர்களுடைய சேமிப்புச் சேவை சுமார் நான்கு மணி நேரம் தடுமாற, அதை நம்பியிருந்த எண்ணற்ற தளங்களும் தடுமாறின. 2025 அக்டோபர் 20-ஆம் தேதியும் அதே வர்ஜீனியாப் பகுதியில் சர்வர் பெயர்களுக்கு முகவரி சொல்லும் அட்டவணையில் ஏற்பட்ட கோளாறு ஒன்று உலகம் முழுக்க உணரப்பட்டது. ஒப்பந்தத்தில் 99.9 சதவீதம் என்று எழுதியிருந்தால், மாதத்தில் சுமார் 43 நிமிடம் நின்றாலும் அது வாக்கு மீறியதாகாது. அதற்கு மேல் நின்றால் வாடகையில் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள். கப்பலைத் தவறவிட்ட நஷ்டத்தை யாரும் தர மாட்டார்கள். இதைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடு.

9. உள்ளே போகும் முன் வெளியே வரும் வழியைக் கேள்.

விலகினால் என் கணக்கு எந்த வடிவத்தில் கையில் கிடைக்கும், எத்தனை நாளில், எவ்வளவு செலவில் என்று முதல் சந்திப்பிலேயே கேள். முகம் சுளிக்கிறாரா என்று பார். கம்பெனிச் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை எட்டு வருஷம் வைத்திருக்க வேண்டும். ஜிஎஸ்டி கணக்கு ஆண்டு ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதம் இருக்க வேண்டும். நீ வாடகைக்கு எடுக்கும் மென்பொருள் அத்தனை வருஷம் இருக்குமா என்று சொல்ல முடியாது. வருஷத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் எக்ஸெல்லாகவும் பிடிஎஃப்பாகவும் இறக்கி, தனியே வை.

2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்ததும், குஜராத்தில் பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜிக்கு மைக்ரோசாஃப்ட் சேவைகள் நின்றன. நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது; சில நாளில் சேவை திரும்பியது. எங்கோ எடுக்கும் முடிவு இங்கே ஆபீஸ் மெயிலை நிறுத்தக்கூடும் என்று அன்றைக்கு நிறையப் பேர் புரிந்துகொண்டார்கள்.

உன் பழைய சர்வரிலிருந்தும் விவரங்கள் வெளியே போய்விடலாம். அதைப் பழைய இரும்புக்குப் போடும்போது ஹார்டு டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொள்.

10. தவறு நடந்தால் அன்றே சொல்.

கணக்கு திருடுபோனது, ஃபைல் பூட்டப்பட்டது என்று தெரிந்தால் மறைக்காதே. அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவு, இப்படிப்பட்ட சம்பவத்தை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. கம்ப்யூட்டர்களின் லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது. சட்டத்தை விடு, உன் ஆட்களிடம் முதலிலேயே ஒரு வாக்குக் கொடு. தவறான லிங்க்கை அழுத்திவிட்டேன் என்று ஓடி வருகிறவரை ஒருபோதும் திட்ட மாட்டேன் என்று சொல். ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவுப் பையன் அப்படி அழுத்திவிட்டு, பயத்தில் கம்ப்யூட்டரை மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். திங்கட்கிழமை வரை அந்த லிங்க்கில் வந்த வைரஸ் உள்ளே பரவிக்கொண்டிருந்தது. அந்தப் பையனைவிட, அவனை அவ்வளவு பயப்படவைத்த சூப்பர்வைசர் மேல்தான் எனக்கு வருத்தம்.

11. அவசரம் வேண்டாம், வயதானவரை முதலில் கூப்பிடு.

நெட்ஃப்ளிக்ஸின் டேட்டாபேஸ் 2008 ஆகஸ்டில் கெட்டுப்போய், மூன்று நாள் டிவிடி அனுப்ப முடியாமல் நின்றது. அதன் பிறகுதான் கிளவுடுக்கு மாறத் தீர்மானித்தார்கள். முழுதாக மாறி முடிந்தது 2016 ஜனவரியில். அவ்வளவு எஞ்சினியர்கள் இருந்த இடத்திலேயே ஏழு வருஷத்துக்கு மேல் ஆனது. நீ முதலில் மெயிலை மாற்று. அது பழகியதும் ஃபைல்கள். கணக்கு கடைசியில். கணக்கை மாற்றும்போது ஒரு முழு மாதம் பழையதிலும் புதியதிலும் சேர்த்தே பதிவு செய்து, இரண்டிலும் டிரையல் பேலன்ஸ் பைசா வரை ஒத்துப்போகிறதா என்று பார். ஜிஎஸ்டி ரிட்டர்ன் போகும் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் நெருங்கும்போது எதையும் மாற்றாதே.

உன் அப்பா காலத்திலிருந்து கணக்கு எழுதும் அந்தப் பெரியவர் இதைக் கேள்விப்பட்டுத் தூங்கியிருக்க மாட்டார். தன் வேலை போய்விடும் என்று நினைப்பார், சொல்ல மாட்டார். எந்தப் பார்ட்டி எப்போது பணம் தருவார், எந்த ஜாப் ஒர்க் பில்லில் வழக்கமாகத் தப்பு வரும் என்பதெல்லாம் அவர் தலையில் இருக்கிறது. எந்த மென்பொருளும் அதை ஏற்றிக்கொள்ளாது. விற்பனைக்காரரை உட்காரவைத்துப் பேசும் முன் அவரை உட்காரவைத்துப் பேசு. பயிற்சியில் முதல் நாற்காலி அவருக்கு. தமிழில் திரையைக் காட்டச் சொல், எழுத்தைப் பெரிதாக்கித் தரச் சொல், ஒரே கேள்வியை அவர் பத்து முறை கேட்டாலும் முகம் மாறாமல் சொல்லித்தரும் ஆளைப் பிடி. மார்ச் முடிவுக் கணக்கு, ஆடிட் எல்லாம் முடியட்டும், அதற்குப் பிறகு பார்க்கலாம் என்று அவர் தேதி சொன்னால், அந்தத் தேதியிலேயே ஆரம்பி.